கூடுவாஞ்சேரியா, திருநின்றவூரா: வீடு தேடிய 14 மாதங்கள்

புரசைவாக்கத்தில் நாங்கள் 11 ஆண்டுகளாக வாடகைக்கு இருந்த வீட்டை, தம் மகனின் திருமணத்திற்குப் பிறகு தமக்கே வேண்டுமென்று உரிமையாளர் கேட்டார். ஒன்றரை ஆண்டு அவகாசமும் கொடுத்தார். இனி வேறொரு வாடகை வீட்டுக்கு மாறுவதில்லை, சென்னைக்கு வெளியே மின்சார ரயில் போகும் ஏதாவது ஓர் ஊரில் சொந்த வீடு வாங்கிவிடுவது என்று கணவரும் நானும் அப்போதே முடிவுசெய்தோம். கையிருப்பு, வங்கிக் கடன் இரண்டையும் சேர்த்தாலும் பத்திரச் செலவு உட்பட 48 லட்சம் ரூபாய்க்கு மேல் எங்களால் போக முடியாது. அந்தத் தொகைக்குள் எங்களுக்கு ஏற்ற ஊர் எது என்று கண்டுபிடிக்க 14 மாதங்கள் ஆயின. இதே தேடலில் இருக்கும் உறவினர்களும் அலுவலகத் தோழிகளும் தொடர்ந்து கேட்டு வருவதால், நாங்கள் பார்த்ததையும் யோசித்ததையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. என் அலுவலகம் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கிறது. கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு 71 வயது. மூட்டுவலி காரணமாக அவரால் இரண்டு மாடி ஏற முடியாது.

வீடு தேடுவதாகச் சொன்னதும் எல்லோரும் ஆளுக்கோர் ஊரின் பெயரைச் சொன்னார்கள். ஊரப்பாக்கம் வளர்கிறது, ஆவடி மாநகராட்சி ஆகிவிட்டது, மீஞ்சூரில் இன்னும் விலை ஏறவில்லை என்று வந்த யோசனைகள் அனைத்தும், அந்த இடத்தின் மதிப்பு எதிர்காலத்தில் எவ்வளவு கூடும் என்பதைப் பற்றியவையாகவே இருந்தன. ஆனால் நாங்கள் விற்பதற்காக வாங்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் தினமும் காலையும் மாலையும் இரண்டு பேர் அங்கிருந்து போய்வர வேண்டும். ஆகவே ஊரை ஒத்திவைத்துவிட்டு ரயில் தடத்திலிருந்து தொடங்கினோம்.

சென்னையிலிருந்து புறநகர் ரயில் மூன்று திசைகளில் போகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு நோக்கித் தெற்கே ஒன்று, சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று மேற்கே ஒன்று, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வடக்கே ஒன்று. வரைபடத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் நடைமுறையில் எத்தனை இருப்புப்பாதைகள் இருக்கின்றன என்பதே அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை புறநகர் ரயில்களுக்கென்றே தனிப் பாதைகள் இருக்கின்றன. 1931இல் மின்மயமான அந்தத் தடத்தில் நெரிசல் நேரத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தாம்பரத்தைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. அதற்குத் தெற்கே தென்மாவட்ட விரைவு ரயில்களுடன் பாதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாவது பாதை வந்த பிறகும், செங்கல்பட்டு வண்டிகள் தாம்பரம் வண்டிகளின் எண்ணிக்கைக்கு அருகில்கூட வருவதில்லை. மேற்கே அரக்கோணம்வரை நான்கு பாதைகள் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. வடக்கே அத்திப்பட்டைக் கடந்துவிட்டால் கொல்கத்தா, டெல்லி போகும் ரயில்களோடு உள்ளூர் வண்டியும் ஒரே பாதையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வடக்குத் தடத்தை நாங்கள் விரைவிலேயே விட்டுவிட்டோம். மீஞ்சூரில் எங்கள் பணத்துக்குத் தனி வீடே கிடைத்திருக்கும், பார்த்த வீடும் நல்ல வீடுதான். ஆனால் அந்தப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த உண்மை. ஒரு காலத்தில் சென்னைக்கே குடிநீர் கொடுத்த கிணற்றுப் படுகை அது. வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கருவியை வைத்தபோது கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியது; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில்கூடக் குடிநீருக்கு அதுதான் உச்சவரம்பு.

திருநின்றவூரை விடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போன வழியில் இருக்கும் ஊர் அது. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர், பக்தவத்சலப் பெருமாள் இருக்கும் திவ்யதேசம் என்பதால் மாமியாருக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், தரைத்தளத்தில், கிணறும் இரண்டு தென்னைகளும் உள்ள தனி வீடு. பத்திரச் செலவு உட்பட விலை 46 லட்சம். கிணற்றடியில் நின்றுகொண்டு மாமியார், "இங்கேயே இருந்துவிடலாமேம்மா" என்று என் கையைப் பிடித்துக் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. எனக்கும் அதே ஆசைதான், ஏனென்றால் அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஒரே வண்டி. இறங்கினால் அலுவலகம் நடக்கும் தூரம்.

ஆனால் கணவர் கிண்டிக்குப் போக வேண்டும். சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, பார்க் நிலையத்தில் ஏறி, மறுபடி தெற்கே போக வேண்டும். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதைவிடப் போய்ப் பார்த்துவிடுவது மேல் என்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டுத் தொழிற்பேட்டை வாசல்வரை சென்றார். 1 மணி 55 நிமிடங்கள் ஆயின. மாலையில் திரும்பும்போது 2 மணி 10 நிமிடங்கள். ஒரு வழிக்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும் பயணம் அவருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகிவிடும். ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகும்போது இருவரின் பயண நேரத்தையும் கூட்டிச் சராசரி பார்ப்பது தவறு என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அதிக நேரம் பயணம் செய்பவர் எப்போது வீட்டுக்கு வருகிறாரோ அப்போதுதான் எல்லோருக்கும் இரவு உணவு, மகளுக்கு அப்பா, மாமியாருக்கு மருந்து வாங்கிவர ஆள். இரவு 8.45க்கு வரும் அப்பாவை எட்டாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்?

தெற்குத் தடத்தில் பார்க், கிண்டி இரண்டும் இருக்கின்றன. ஆகவே தடம் அதுதான் என்று உறுதிசெய்தோம். தாம்பரத்துக்கு உள்ளே, அதாவது குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற இடங்களில், எங்கள் தொகைக்கு ஒரு படுக்கையறை வீடுகூடக் கிடைக்கவில்லை. தாம்பரத்துக்கு அப்பால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று வரிசையாக இறங்கிப் பார்க்கத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போவது வசதியாக இருந்தாலும், அன்று கிடைக்கும் சித்திரம் பொய்யானது; ரயில் அட்டவணையே வேறு, சாலைகள் காலியாக இருக்கும், தரகரும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். எனவே பிடித்த இடங்களுக்கெல்லாம் வாரநாளில் ஒருமுறை தனியே திரும்பப் போனோம்.

பயணத்தைப் பற்றிய உண்மைகளை நான் தெரிந்துகொண்டது பெண்கள் பெட்டியில்தான். ஒருநாள் மாலை செங்கல்பட்டு வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, மடியில் செய்தித்தாளை விரித்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டே வந்தார். தண்டையும் பழுத்த இலைகளையும் ஒரு பையில் போட்டு, ஆய்ந்த கீரையைத் துணிப்பையில் அழுத்தாமல் வைத்துக்கொண்டார். கூடுவாஞ்சேரி வருவதற்குள் இரண்டு கட்டும் முடிந்துவிடும், போய் அடுப்பில் வைப்பதுதான் பாக்கி என்றார். நான் வீடு பார்க்கும் விஷயத்தைச் சொன்னதும் கீரையை நிறுத்திவிட்டு, "ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரமா பாரு கண்ணு. ரயில்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்து வர்றதுல கஷ்டம் இல்ல. எட்டரைக்கு மேல ஷேர் ஆட்டோ நிறையற வரைக்கும் நிக்கிறோம் பாரு, அதுதான் உயிரை வாங்குது" என்றார். அவர் வீடு நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் அதே போன்ற ஒரு வீட்டுக்கு நாங்கள் முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தோம். புதிய அடுக்ககம், மின்தூக்கி, பிள்ளைகள் விளையாட இடம், விளம்பரத்தில் "ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்ற வாசகம். நாங்கள் அளந்தபோது 4.2 கிலோமீட்டர்; மாலை நெரிசலில் ஜி.எஸ்.டி. சாலையை, அதாவது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை, கடப்பதற்கே ஐந்து நிமிடங்கள் போய்விட்டன. அந்த அம்மா சொன்ன பிறகு, வீட்டு வாசலிலிருந்து நடைமேடைவரை நடந்தே 15 நிமிடங்களுக்குள் போக முடியாத எந்த வீட்டையும் பார்ப்பதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டோம். பார்க்க வேண்டிய வீடுகளின் பட்டியல் அந்த ஒரே முடிவில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

வெள்ளத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அப்போது முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பலரும் பிழையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது இதற்கு வடக்கே. முடிச்சூர் பக்கத்தை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் என்று மேல்புறத்திலிருக்கும் ஏரிகளின் உபரிநீர். அடையாறு தொடங்குவதே அந்தப் பக்கத்தில்தான். ஆகவே ஏரியிலிருந்து தூரமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வதில் பயனில்லை. ஏரியின் உபரிநீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது, அங்கிருந்து வாய்க்கால் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெருங்களத்தூரிலிருந்து முடிச்சூர் போகும் வழியில் ஒரு வீடு பார்த்தோம். புது வண்ணம் பூசியிருந்தார்கள், சுவரில் எந்தக் கறையும் இல்லை. தண்ணீர் வராது, அந்த ஒரு வருடம்தான் வந்தது என்று தரகர் உறுதியாகச் சொன்னார். வெளியே வந்து தெருவைப் பார்த்தபோதுதான், எல்லா வீடுகளிலும் மின்சார மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதைக் கணவர் காட்டினார். பழைய பெட்டிகள் இருந்த இடங்களில் இடுப்பளவு உயரத்தில் சிமென்ட் பூசி அடைத்த சதுரங்கள் தெரிந்தன. ஒரு முறை வந்த வெள்ளத்துக்காக ஒரு தெருவே செலவழித்து மீட்டரை உயர்த்தாது என்று தோன்றியது. எதிர்வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம்; 2015க்குப் பிறகும் இரண்டு முறை வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போனதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து போகும் இடங்களிலெல்லாம் தெருவில் இருப்பவர்களிடம் இரண்டே கேள்விகள் கேட்டோம். 2015 டிசம்பரில் எந்தப் படிவரை தண்ணீர் வந்தது? 2019 ஜூனில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினீர்கள்? சென்னையின் ஏரிகளெல்லாம் வறண்டுபோன அந்தக் கோடையில் சமாளித்த தெரு, மற்றக் கோடைகளிலும் சமாளிக்கும். இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவு வைத்திருக்காதவர்கள் யாரும் இல்லை. கேட்டவுடன் கையை நீட்டிப் படியைக் காட்டுவார்கள்.

மறைமலைநகர் எனக்கு மிகவும் பிடித்த ஊர் என்பதைச் சொல்லியாக வேண்டும். துணைநகரமாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதால் அகலமான தெருக்கள், மரங்கள், பூங்காக்கள் என்று மற்ற ஊர்களில் இல்லாத ஒழுங்கு அங்கே இருக்கிறது. விலை தகைந்த வீடு நிலையத்துக்குப் பக்கத்தில் அமையவில்லை, அவ்வளவுதான். சிங்கப்பெருமாள்கோவிலில் ஒரகடம் சாலையில் மனைகள் நிறைய விற்பனைக்கு இருந்தன. அது ஒரகடத்திலோ மகேந்திரா சிட்டியிலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பொருத்தமான ஊர். பார்க் நிலையத்துக்குத் தினமும் வர வேண்டியவளுக்கு அல்ல.

கடைசியில் கூடுவாஞ்சேரியில் இரண்டு வீடுகள் எஞ்சின. முதலாவதில் எல்லாம் சரியாக இருந்தது. நிலையத்துக்கு 9 நிமிடம், முதல் மாடி, எட்டு ஆண்டுப் பழைய கட்டடம். வில்லங்கச் சான்றிதழில் 30 ஆண்டுகளுக்குச் சிக்கல் ஏதும் இல்லை, பட்டா இருந்தது. மகிழ்ச்சியில் 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். பிறகு வழக்கறிஞர் புலப்பட நகலை, அதாவது நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த அரசு வரைபடத்தின் நகலை, எடுத்துவரச் சொன்னார். அரசின் இணையச் சேவையில் பட்டாவைப் போலவே அதையும் சர்வே எண்ணைக் கொடுத்து எடுத்துவிடலாம். எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கோடுகளுக்கு நடுவே இணையாக ஓடிய இரட்டைக் கோட்டைத் தொட்டு, "இது வாய்க்கால். உங்கள் கட்டடத்தின் பின்பக்கச் சுவர் இதன்மேல் இருக்கிறது" என்றார். இடத்தில் போய்ப் பார்த்தால் வாய்க்காலின் சுவடே இல்லை. மேலே வண்டி நிறுத்துமிடம் இருந்தது. முன்பணத்தில் 30,000 ரூபாயைத்தான் விற்பவர் திருப்பிக் கொடுத்தார். அந்த 20,000 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே புலப்பட நகலையும், நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வீடு, நடைமேடையிலிருந்து 12 நிமிட நடையில், தரைத்தளத்தில், 870 சதுர அடி. 13 ஆண்டுப் பழைய கட்டடம், மின்தூக்கி கிடையாது, சமையலறை சிறியது. கிணறும் இல்லை, தென்னையும் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு 800ஐ ஒட்டி இருந்ததால் குடிக்க மட்டும் சுத்திகரிப்பு வேண்டியிருக்கும். விலை 43 லட்சம்; முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று கட்டினாலும் எங்கள் வரம்புக்குள் வந்துவிடும். ஒரு வாரநாளில் அங்கிருந்து புறப்பட்டுப் பார்த்ததில், அலுவலகத்துக்கு எனக்கு 1 மணி 40 நிமிடம், கிண்டிக்கு அவருக்கு 1 மணி 15 நிமிடம். என்னுடைய நேரம் திருநின்றவூரைவிடக் கூடுதல்தான். ஆனால் இருவரில் கடைசியாக வருபவர் இரவு 7.45க்குள் வீட்டில் இருப்பார். விழுப்புரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போவதற்கும், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, அடுத்த சில கிலோமீட்டரிலேயே பேருந்து கிடைத்துவிடும். பொங்கலுக்கு முந்தைய இரவில் கோயம்பேட்டுக்குப் போய் நின்ற காலமெல்லாம் இனி இல்லை.

காகிதங்களெல்லாம் சரியாக இருந்தும் உடனே பணம் கொடுக்கவில்லை. அப்போது புரட்டாசி மாதம். ஐப்பசி மழை ஒன்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். விற்பவருக்கு வருத்தம்தான், வேறு ஆட்களும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மாமியார்கூட, கைக்கு வந்ததை விட்டுவிடப் போகிறீர்கள் என்று கவலைப்பட்டார். ஆனாலும் முடிச்சூர் மீட்டர் பெட்டிகளைப் பார்த்த கண்ணுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஓர் இரவு விடாமல் பெய்தது. விடியற்காலை முதல் வண்டியில் இருவரும் போனோம். நந்திவரம் ஏரிப் பக்கத்துத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் தெருமுனையில் கணுக்கால்வரை நனைந்தது. வீட்டின் முன்னால் இருந்த மூன்று படிகளில் முதல் படி மட்டும் தண்ணீரில் இருந்தது. கணவர் சுண்ணாம்புக் கட்டியால் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். எதிரில் இருந்த கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு நின்றோம். ஒன்பது மணிக்குக் கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருந்தது. பதினொன்றரைக்குத் தெருவில் சேறு மட்டும்தான் இருந்தது. அங்கிருந்தபடியே விற்பவரைத் தொலைபேசியில் அழைத்து, முன்பணத்துடன் மறுநாள் வருவதாகச் சொன்னோம். மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சித்திரையில் குடிபோகிறோம்.